ஏறுவதைக் கேட்டீர்கள், இறங்குவதையும் சொல்கிறேன்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு கம்பத்தில். வண்டன்மேட்டுக்கு இந்தப் பக்கம் நான்கு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. அப்பா 1974இல் வாங்கிய பெட்ரோல் ஜீப் பிக்கப் இன்னும் ஓடுகிறது. கேரளப் பதிவு. கம்பம்மெட்டு வழியாக வாரம் மூன்று நடை, போக வர நாற்பது கிலோமீட்டர். உரமூட்டையோடு ஏறினால் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்தான் கொடுக்கிறது. உடைத்த வேனில் இருந்து எடுத்த டீசல் என்ஜினை, இப்போதுள்ள மூன்று கியர் பெட்டியிலேயே பிளேட் (இணைப்புத் தகடு) வைத்துப் பொருத்தித் தருவதாக மதுரையில் ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். 1,10,000 ரூபாய், நான்கு நாள் வேலை. சுமையோடு மேடு ஏறுமா? தமிழ்நாட்டில் மாற்றிவிட்டுக் கேரளத்தில் ஓட்டினால் சிக்கல் வருமா? தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டினால் பரவாயில்லையா? வண்டியை விற்க அப்பாவுக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. (கம்பம் வாசகர்)

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். போடியில் பட்டறை போட்டு முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இதே கேள்வியோடு வந்தவர்களுக்கு ஒரு காலத்தில் நானே "போடலாம்" என்று சொன்னேன், போட்டும் கொடுத்தேன். அதனால்தான் உங்களிடம் அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: மதுரைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், என்ஜினைக் கழற்றுவதற்கு முன் நிறுத்தச் சொல்லுங்கள்.

மேடு ஏறுமா என்றால், ஏறும். நல்ல நிலையில் உள்ள டீசல் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். உரமூட்டையை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் நிதானமாக ஏறிவிடும். அந்த விஷயத்தில் பட்டறைக்காரர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் ஏறிய வண்டி சாயங்காலம் மிளகையோ காப்பிக் கொட்டையையோ ஏற்றிக்கொண்டு கம்பத்துக்கு இறங்கியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் இறக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வையுங்கள்.

அதில் எரிபொருள் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, என்ஜின் எண் என்ன, சேசிஸ் எண் என்ன என்று பாருங்கள். பிறகு ஒரு கம்பித் தூரிகையும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு வண்டியிலுள்ள எண்களைத் துடைத்துப் படியுங்கள். ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியில் இவை ஒத்துப்போகும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மலைப்பகுதியில் பல ஜீப்களுக்கு டீசல் மாற்றி, போக்குவரத்து அலுவலகத்தில் முத்திரையும் வாங்கினார்கள். சிலர் பிறகு பெட்ரோலுக்கே திரும்பினார்கள், புத்தகத்தை யாரும் திருத்தவில்லை. உங்கள் புத்தகத்தின் பின்பக்கங்களில் கையால் எழுதிய குறிப்பும் வட்ட முத்திரையும் இருந்தால் ஒரு எழுத்து விடாமல் படியுங்கள். அதில் ஏற்கெனவே டீசல் என்று இருந்தால், நான் கீழே சொல்வதில் பாதி உங்களுக்கு மாறிவிடும்.

பெட்ரோல் என்றே இருந்தால் சட்டத்தின் நிலை இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எரிவாயு, பேட்டரி போன்றவற்றுக்கு மாற அனுமதி பெற்ற கிட் பொருத்துவதற்கு அதே பிரிவில் வழி உண்டு. உடைத்த வேனின் டீசல் என்ஜினைத் தூக்கி வைப்பது அந்த வழியில் வராது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. மூல அமைப்பிலிருந்து மாறுபடும் மாற்றத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று உறுதியாகச் சொன்ன அந்த வழக்கு கேரளத்திலிருந்து போனதுதான். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மாற்றிக் கேரளத்தில் ஓட்டலாமா என்று கேட்டீர்கள். இது மத்தியச் சட்டம். குமுளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுதான். எந்த ஊர்ப் பட்டறையில் மாற்றினாலும் மறுபதிவுக்குப் போகும்போது ஆய்வாளர் என்ஜின் எண்ணைப் பார்ப்பார். ஆர்.சி. சொந்த உபயோகம் என்றால் பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை, சரக்கு வண்டி என்றால் ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்கு. எண் பொருந்தாவிட்டால் அங்கேயே வண்டி நின்றுவிடும். தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டினால் போதுமே என்கிறீர்கள். பதிவைப் பற்றிய 39ஆவது பிரிவு பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. தோட்டம் சொந்தம் என்பதால் அது விலகிவிடாது.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. கேரளப் பதிவு வண்டி இரவில் எங்கே நிற்கிறது, தோட்டத்திலா, கம்பம் வீட்டிலா? வேறு மாநிலத்தில் தொடர்ந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் வாங்க வேண்டும் என்பது 47ஆவது பிரிவு. எல்லையில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. விபத்து நடந்த பிறகு காப்பீட்டுக்காரர் கவனிப்பார். என்ஜினும் மாறி, பதிவும் பொருந்தாமல் இருந்தால், எதிரில் வந்தவருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீடு உங்கள் தோட்டத்தின் மீது வந்து விழும். நான்கு ஏக்கர் அதைத் தாங்காது.

அப்படியானால் அந்தக் காலத்தில் ஏன் எல்லோரும் மாற்றினார்கள்? காரணம் நியாயமானது. உங்கள் ஜீப்பில் இருப்பது பெரும்பாலும் வில்லீஸ் வழியில் வந்த 2,199 சிசி பெட்ரோல் என்ஜினாக இருக்கும். உறுதியான என்ஜின், ஆனால் குடிக்கும். எண்பதுகளில் மகிந்திரா நிறுவனமே பியூஜோ உரிமத்தில் 2,112 சிசி டீசலை ஜீப்பில் போட்டு விற்கத் தொடங்கியபோது, பழைய பெட்ரோல் ஜீப்காரர்கள் அதையே தேடிப் போனார்கள். டீசல் விலையை அரசு தாங்கிப் பிடித்திருந்த காலம் அது. பெட்ரோலுக்கும் அதற்கும் உள்ள விலை வித்தியாசத்திலேயே மாற்றிய செலவு இரண்டு வருடத்தில் திரும்பிவிடும். 2010இல் பெட்ரோல் விலையையும் 2014 அக்டோபரில் டீசல் விலையையும் சந்தைக்கு விட்டுவிட்டார்கள். இன்று இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு ஏறக்குறைய பத்து ரூபாய்தான் இருக்கிறது. மதுரையில் உங்களுக்குப் போட்டுக் காட்டியது பழைய கணக்கு.

இன்றைய கணக்கை நான் போடுகிறேன், நீங்களே சரிபாருங்கள். வாரம் மூன்று நடை, நாற்பது கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர். லிட்டருக்கு ஆறு என்றால் ஆயிரம் லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய். டீசல் உங்களுக்கு மலையில் பதினொன்று கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 545 லிட்டர், ஏறக்குறைய 50,000 ரூபாய். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த ஆறு கிலோமீட்டர் உங்கள் என்ஜினின் இயல்பு அல்ல, அதன் நோய். சரிசெய்தால் அதே மேட்டில் எட்டு கொடுக்கும். அப்போது பெட்ரோல் செலவு 75,000 ஆகிறது; டீசலில் உண்மையான மிச்சம் ஆண்டுக்கு 25,000தான்.

செலவுப் பக்கத்தைப் பாருங்கள். 1,10,000 என்பது என்ஜினும் அதைத் தூக்கி வைக்கும் கூலியும். டீசல் பம்பையும், டீசலைப் பீய்ச்சும் நாசில்களையும் அளவு சரிபார்க்கும் கலிபரேஷன் கடையில் கொடுக்க வேண்டும். ரேடியேட்டர் போதாது. பெட்ரோல் என்ஜினில் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்றுதான். அந்தப் பியூஜோ வகை டீசலில் அது இருபதுக்கும் மேல். அதைச் சுழற்றப் பெரிய ஸ்டார்ட்டரும் பெரிய பேட்டரியும் தடித்த கேபிளும் வேண்டும், காலைக் குளிரில் ஹீட்டர் பிளக் வேண்டும். டீசல் பம்பிலிருந்து மிஞ்சுவது டாங்கிக்குத் திரும்ப ஒரு குழாய் வேண்டும். சாவியைத் திருப்பினால் டீசல் நிற்காது, நிறுத்த ஒரு கம்பி வேண்டும். என்ஜின் உறிஞ்சும் வாக்கத்தில் (வெற்றிடத்தில்) வைப்பர் ஓடும் வண்டி என்றால் அந்த வாக்கம் டீசலில் கிடைக்காது, தனிப் பம்ப் வேண்டும். முன்பக்கம் எடை கூடுவதால் ஸ்பிரிங் பட்டை சேர்க்க வேண்டும், ஸ்டியரிங் கனக்கும். ஒழுங்காகச் செய்தால் இரண்டே கால் லட்சத்துக்குக் குறைந்து நான் முடித்துக் கொடுக்க மாட்டேன். பெட்ரோல் என்ஜினை முழுதாகப் பிரித்துச் செய்ய என் கணக்கில் அறுபது, அறுபத்தைந்தாயிரம். இடையில் உள்ள ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தொகை ஆண்டுக்கு 25,000 வீதம் திரும்பி வர ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும், அதுவும் டீசல் ஒரு தடவைகூடச் செலவு வைக்காமல் இருந்தால்.

இப்போது இறக்கத்துக்கு வருகிறேன்.

1996இல் போடிமெட்டுக்கு மேலே தோட்டம் வைத்திருந்த ஒருவருக்கு, உங்கள் வண்டியைப் போன்ற ஜீப்பில் டீசல் போட்டுக் கொடுத்தேன். பழைய மூன்று கியர் பெட்டி, இடையில் பிளேட், நீங்கள் எழுதியிருக்கும் அதே ஏற்பாடு. ஏறி முடித்து மேலேயிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு மகிழ்ச்சியாகப் பேசினார். மூன்றாவது வாரம் பத்து மூட்டை மிளகோடு ஓட்டுநர் இறங்கினார். அந்தச் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பெட்ரோல் இருந்தவரை இரண்டாவது கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகப் பிடித்துக்கொண்டு இறங்கும். அன்றைக்கு என்ஜின் பிடிக்கவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பாதி மலையில் சக்கரத்தில் புகை. மிதி தரைவரை போனது. முதல் கியருக்கு மாற்றப் பார்த்தார். அந்தப் பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ (ஓடும்போதே பற்களை இணங்கவைக்கும் அமைப்பு) கிடையாது, ஓடும் வண்டியில் விழாது. பல் கரகரத்து நியூட்ரலில் நின்றுவிட்டது. அவர் புத்திசாலி, பள்ளத்தை விட்டு மலைப்பக்கம் திருப்பிப் பாறையில் மோதினார். உடன் வந்த பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அம்மாவின் எதிரில் நான் நின்றேன். "பிரேக்கைப் பார்த்தீர்களா?" என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. என்ஜினை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், பிரேக்கைத் தொடவேயில்லை. அது என் தவறு.

ஏன் பிடிக்கவில்லை என்பதை எனக்கே அதற்குப் பிறகுதான் முழுதாக விளங்கிக்கொள்ளத் தோன்றியது. பெட்ரோல் என்ஜினில் காலை எடுத்ததும் கார்புரேட்டரின் பட்டர்ஃபிளை என்னும் காற்றுக் கதவு மூடிக்கொள்கிறது. மூடிய வாயிலிருந்து காற்றை உறிஞ்ச பிஸ்டன் ஒவ்வொரு முறையும் போராடுகிறது. அந்தப் போராட்டம்தான் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. பெரும்பாலான டீசலில் அப்படி மூடும் கதவு இல்லை. காற்றைத் தாராளமாக உள்ளே விட்டு நெருக்குகிறது, நெருக்கிய காற்று ஸ்பிரிங்கைப் போலப் பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. கொடுத்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுவதால் பிடிப்பு குறைவு. "டீசலில் கம்ப்ரெஷன் அதிகம், அதனால் இறக்கத்தில் நன்றாகப் பிடிக்கும்" என்று சொல்பவர்கள் இந்தத் திருப்பித் தள்ளுவதை மறந்துவிடுகிறார்கள். மலைக்குப் போகும் பெரிய டீசல் வண்டிகளில் புகைக்குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கு மேல் இன்னொன்றும் நடக்கும். டிராக்டர் வழியில் வந்த நிதானச் சுற்று டீசல் கிடைத்தால், உங்கள் ஆக்ஸிலில் உள்ள 5.38 விகிதக் கிரவுன் பினியன் (சுற்றைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி) அதற்குப் பொருந்தாது. எட்டுப் பல் பினியன், நாற்பத்து மூன்று பல் கிரவுன். அந்த விகிதத்தில் டாப் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் போனாலே என்ஜின் 2,400 சுற்றைத் தொட்டுவிடும். பெட்ரோலுக்கு அது இயல்பான சுற்று. கம்பம், உத்தமபாளையம் சமவெளியில் அந்த வகை டீசல் அலறும். அலறுகிறதே என்று எட்டுக்கு முப்பத்தொன்பதோ அதைவிடக் குறைந்த விகிதமோ மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் சமவெளியில் சுகம்தான், ஆனால் இறக்கத்தில் அதே கியரில் என்ஜினின் பிடிப்பு இன்னும் குறைந்துவிடும். ஒன்றைத் தொட்டால் அடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் எல்லாச் சுமையும் அந்தச் சின்ன பிரேக் டிரம்கள் மேல் வந்து சேரும். ஐம்பது ஆண்டுக்கு முன் பெட்ரோல் வண்டிக்கென்று வைத்த டிரம்கள் அவை.

அந்தப் பிளேட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என்ஜினின் பின்முகத்துக்கும் கியர் பெட்டியின் பெல் ஹவுசிங்குக்கும் இடையே லேத்தில் வெட்டிய ஒரு தகடு. கிராங்கின் மையமும் கியர் பெட்டி இன்புட் ஷாஃப்டின் மையமும் முடி அளவு விலகினாலும் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி பிய்ந்துவிடும், பைலட் பேரிங் தேயும், கியர் தானாகக் கழன்று வரும். இறக்கத்தில் கியர் கழன்றால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். போல்ட்டை இறுக்குவதற்கு முன் கிராங்கில் டயல் கேஜ் (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவி) கட்டி ஹவுசிங்கின் துளையைச் சுற்றி அளந்து பார்க்க வேண்டும். நான்கு நாளில் முடித்துத் தரும் பட்டறையில் டயல் கேஜ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருக்கிறது என்று சொன்னால், உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள்.

ஆர்.சி.யில் ஏற்கெனவே டீசல் என்று பதிவாகியிருந்தால் பேச்சு வேறு. அப்போதும் முதலில் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பதிவில் எந்த வகை என்ஜின் இருக்கிறதோ அதே வகையைத் தேடுங்கள். உடைத்த வண்டியின் என்ஜினை வாங்கும்போது, அந்த வண்டியின் பதிவு ரத்தான ஆவணத்தின் நகலும் என்ஜின் எண் எழுதிய பில்லும் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால் நீங்களும் வழக்கில் நிற்க வேண்டி வரும். என்ஜினை மட்டும் வாங்காமல் அதன் பெல் ஹவுசிங், கிளட்ச், நான்கு கியர் பெட்டி, மவுண்டிங், ரேடியேட்டர் என்று ஒரே வண்டியிலிருந்து முழுதாக வாங்குங்கள். பிளேட்டுக்கே வேலை இருக்காது. தரையில் கிடக்கும் என்ஜினை வாங்க வேண்டாம். காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள், சூடேறிய பிறகு ஆயில் மூடியைத் திறந்து எவ்வளவு புகை ஊதுகிறது, ஆயில் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். பொருத்திய பிறகு டீசல் வழியில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். வண்டன்மேட்டு மூடுபனியில் பாதி காலி டாங்கிக்குள் இரவெல்லாம் தண்ணீர் கோக்கும். அது பம்பை அரித்துவிடும்.

ஆர்.சி.யில் டீசல் என்று இல்லையென்றால், உங்கள் பெட்ரோல் என்ஜினைக் காப்பாற்றுவோம். அதற்குத் தகுதியான என்ஜின்தான் அது. உறிஞ்சும் வால்வு மேலே ஹெட்டிலும், புகை விடும் வால்வு பக்கவாட்டில் பிளாக்கிலும் இருக்கும் அமைப்பு. மேலே உள்ளதை மட்டும் சரிசெய்துவிட்டுப் பக்கமூடியைக் கழற்றாமல் விடும் மெக்கானிக்குகள் உண்டு. அந்தக் கீழ் வால்வில் இடைவெளி இல்லாமல் போனால் அது கருகி அழுத்தம் கசியும், பெட்ரோல் வீணாகும். முதலில் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் நூறு பவுண்டுக்கு மேலே, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லாமல் இருந்தால் என்ஜினைப் பிரிக்கவே வேண்டாம். நோய் கார்புரேட்டரிலும் டைமிங்கிலும் இருக்கிறது. ஃப்ளோட் உயரம், ஊசி வால்வு, பட்டர்ஃபிளை ஷாஃப்டின் தேய்மானம் இந்த மூன்றையும் பார்த்தாலே பல வண்டிகள் தேறிவிடுகின்றன. சில ஆயிரங்களில் முடியும் வேலை.

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறையும், கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். அதனால் மலை வண்டிகளுக்குச் சின்ன ஜெட் போடுவது எங்கள் பழைய வழக்கம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அது கலவையை எதிர்ப்பக்கம், பெட்ரோல் குறைவான பக்கம் தள்ளுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். பழக்கத்தில் ஜெட்டைக் குறைத்தால் என்ஜின் கொதித்து வால்வு கருகும். மேடு ஏறி முடித்த இடத்தில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெளிர் பழுப்பாக இருந்தால் கை வைக்க வேண்டாம். எத்தனால் பழைய ரப்பரைக் கரைக்கும் என்பதால், பெட்ரோல் குழாய்களையும் பம்பின் டயாஃப்ரத்தையும் அதைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். குழாய் ஒழுகிச் சூடான சைலென்சர்மேல் சொட்டினால் வண்டியே எரிந்துவிடும்.

அறுபதாயிரத்தில் மிஞ்சுவதை பிரேக்கில் போடுங்கள், தம்பி. இதை நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வண்டியில், மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை கொண்டது. எந்தச் சக்கரத்தில் ஒரு சொட்டு கசிந்தாலும் நான்கு பிரேக்கும் போய்விடும். எல்லா ஹோஸ்களையும், சக்கர சிலிண்டர்களையும், லைனிங்கையும் புதிதாகப் போடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஈரம் ஏறியது சீக்கிரம் கொதிக்கும். மூடுபனிப் பகுதியில் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறை அதை முழுதாக இறக்கி மாற்ற வேண்டும். ஹேண்ட் பிரேக்கையும் சோதியுங்கள். கம்பம்மெட்டிலிருந்து இறங்கத் தொடங்கும் முன்பே, சமதளத்தில் நிற்கும்போதே முதல் கியரைப் போட்டுவிடுங்கள்.

வாரம் மூன்று நடை என்று எழுதினீர்கள், நடையில் ஆட்கள் உண்டா என்று எழுதவில்லை. காலையில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தோட்டங்களுக்குப் போகும் ஜீப்களில் பெண்கள் நெருக்கியடித்து நிற்பதை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பிக்கப்பின் பின்பக்கம் ஆட்களை ஏற்றுகிறீர்கள் என்றால் நாளையிலிருந்து நிறுத்துங்கள். டீசலாக இருந்தாலும் பெட்ரோலாக இருந்தாலும், பிரேக் புதிதாக இருந்தாலும் ஏற்றக் கூடாது. அவர்களுக்குத் தனி வண்டி பிடித்துக் கொடுங்கள்.

பட்டறைக்கு வருவதற்கு முன் அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுதி வாருங்கள். என்ஜினைக் கடைசியாக எப்போது போரிங் (சிலிண்டர் சுவரைச் செதுக்கிப் பெரிதாக்குவது) செய்தார்கள், பிஸ்டன் எந்த ஓவர்சைஸ் போட்டார்கள்? ஏற்கெனவே அறுபது தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ) வரை போயிருந்தால் இனிச் சுவரைச் செதுக்க இடமில்லை, ஸ்லீவ் (புதிய உள்ளுறை) அடிக்க வேண்டும். முப்பது என்றால் இன்னும் ஒரு போரிங் தாங்கும். பழைய பில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் அந்தக் காலத்து ஜீப்காரர்களுக்கு அந்த எண் நினைவில் இருக்கும். அவரையும் முன்சீட்டில் உட்கார வைத்து அழைத்து வாருங்கள். ஞாயிறு தவிர எந்த நாளிலும் வரலாம். காலி வண்டியாக முதல் நாள் மாலையே இங்கே விட்டுவிட்டுப் போனால், இரவெல்லாம் குளிர்ந்த வண்டியை விடியலில் பார்க்க எனக்கு வசதி.